முப்பது விழுக்காடு வேண்டாம்: ஊர்க் காற்பந்துக் கழகத்தை ஆதரவாளர்கள் ஏற்று நடத்த

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல தோட்டக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து உருவான காற்பந்துக் கழகம் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குத்தகையாளர் பொறுப்பேற்று, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) நிறுவனமாகப் பதிந்து நடத்தி வந்தார். இப்போது ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாத அலவன்ஸ் பாக்கி. மொத்தக் கடன் 210,000 ரிங்கிட், அதில் 120,000 தன் கையிலிருந்து போட்டது என்கிறார். 90,000 ரிங்கிட் திரட்டித் தந்தால் 30 விழுக்காட்டுப் பங்கு தருவதாகச் சொல்கிறார். எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 600 பேர் இருக்கிறோம். ஊர் வணிகர் ஒருவர் 50,000 ரிங்கிட் கடனாகத் தர முன்வந்திருக்கிறார். திடல் தோட்ட நிறுவனத்தின் நிலம். ஊர்மக்களே கழகத்தை எடுத்து நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் அந்த 30 விழுக்காட்டு வழியில் போகாதீர்கள்.

30 விழுக்காட்டுக்கு 90,000 என்றால் முழு நிறுவனத்துக்கும் 300,000 ரிங்கிட் மதிப்பு போடுகிறார். 210,000 கடனும், தனக்கென்று ஒரு திடல்கூட இல்லாத நிறுவனத்துக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, பணம் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். அவர் தம் சொந்தப் பங்கை விற்றால் 90,000 அவருடைய பைக்குப் போகும், கழகத்தின் கடனில் ஒரு காசும் குறையாது. நிறுவனம் புதுப் பங்கு வெளியிட்டால் பணம் நிறுவனத்துக்குள் வரும். ஆனால் அடுத்த மாதமே, தான் நிறுவனத்துக்குக் கொடுத்த “இயக்குநர் கடன்” என்று சொல்லி அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். இரண்டு வழியிலும் பையன்களின் மூன்று மாதப் பாக்கி அப்படியே நிற்கும்.

நிறுவனச் சட்டம் 2016-இன்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75 விழுக்காடு ஓட்டு வேண்டும். ஆகவே 30 விழுக்காடு கையில் இருந்தால் நிறுவன அமைப்பு விதியை மாற்றுவதைத் தடுக்கலாம். அவ்வளவுதான். இயக்குநர் நியமனமும் சாதாரணத் தீர்மானங்களும் பெரும்பான்மைக்காரர் கையில், செலவும் பயிற்றுநர் நியமனமும் அவர் அமர்த்தும் இயக்குநர்கள் கையில். வேல்ஸ் நாட்டின் சுவான்சி சிட்டியில் ஆதரவாளர் அறக்கட்டளைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக இருந்தது. 2016-இல் மற்றப் பங்குதாரர்கள் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றபோது அந்த அறக்கட்டளையைப் பேச்சுவார்த்தைக்கே அழைக்கவில்லை என்பதுதான் ஆதரவாளர்களின் புகார். சிறுபான்மைப் பங்கோடு உட்கார்ந்தால் உங்களுக்கும் அந்த நிலை வரலாம்.

இன்னொரு தடை இருக்கிறது. செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தில் 50 பேருக்கு மேல் பங்குதாரராக இருக்கக்கூடாது, பொதுமக்களிடம் பங்கு விற்கவும் கூடாது. 600 பேர் ஆளுக்கொரு பங்கு வாங்குவது என்ற பேச்சே அங்கு எழாது. “என் பெயரில் வாங்கி வைக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது நல்ல மனத்தோடு சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் இறந்தாலோ திவாலானாலோ அந்தப் பங்கு முதலில் அவருடைய சொத்தாகத்தான் பார்க்கப்படும். ஊர்ப்பணம் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கழகம் உண்மையில் எந்தத் தாளில் இருக்கிறது என்று இப்போது பாருங்கள். பல ஊர்களில் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். போட்டியில் ஆடும் உரிமை மாவட்ட, மாநிலக் காற்பந்துச் சங்கத்தில் பெற்ற இணைப்போடு ஒட்டியது. அந்த இணைப்பு பழைய விளையாட்டுக் கழகத்தின் பெயரில் இருக்கலாம். விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இன்கீழ் விளையாட்டுத்துறை ஆணையரிடம் பதிவான கழகம் ஒன்று, நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிவான நிறுவனம் இன்னொன்று என்று இரண்டும் தனித்தனியாக இருந்தால், நிறுவனத்தை முழுதாக வாங்கினாலும் லீக்கில் இடம் கிடைக்காது. சட்டையும் கடனும்தான் கிடைக்கும். மாறாக இணைப்பு பழைய கழகத்தின் பெயரிலேயே இருந்தால் அது உங்களுக்கு நல்ல செய்தி: அந்தக் கழகத்தின் பொதுக்கூட்டத்தைக் கூட்டி, விதிப்படி புதிய நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. சின்னம் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில் என்பதையும் தேடுங்கள். எஸ்எஸ்எம்-இல் சிறு கட்டணம் கட்டினால் நிறுவனத்தின் இயக்குநர்கள், பங்குதாரர்கள், அடமானப் பதிவுகள், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கறிக்கை ஆகியவை கிடைக்கும். பல ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் ஆகவில்லை என்றால், அவர் சொல்லும் 210,000 என்ற எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

கடனை ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு குணம் உண்டு. 120,000 இயக்குநர் கடனுக்கு வங்கிப் பட்டியல் காட்டச் சொல்லுங்கள். அவருடைய கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்குப் போன பணம் தெரிய வேண்டும், கணக்காய்வு செய்த அறிக்கையிலும் அது பதிவாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தொகையை ஏற்காதீர்கள். ஆதாரம் இருந்தாலும், கைமாற்றத்துக்கு முன் அதைத் தள்ளுபடி செய்வதாக வழக்கறிஞர் முன் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊர்க் கழகத்துக்குச் செலவழித்தவரை மதிக்கலாம், மேடையில் நன்றி சொல்லலாம். அந்தக் கடனைச் சுமக்க வேண்டிய கடமை ஊருக்கு இல்லை.

ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) பாக்கி வேறு வகை, அதற்குப் பயப்பட வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கான இபிஎஃப் சந்தாவும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் வாங்கும் மலேசியருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11. இதைக் கட்டாமல் விட்டால் இபிஎஃப் சட்டம் 1991-இன் 46-ஆவது பிரிவு நிறுவனத்தோடு இயக்குநர்களையும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாக்குகிறது. பாக்கி விழுந்த காலத்தில் இயக்குநராக இருந்தவர்களும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள், ஆனால் அவர்களோடு அது நின்றுவிடுவதில்லை. ஆர்வத்தில் “நானும் இயக்குநர்” என்று இன்று கையெழுத்துப் போடும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் நாளை வாரியம் பழைய பாக்கியைக் கேட்க இடமிருக்கிறது. இபிஎஃப், சொக்சோ, வருமான வரி வாரியம் மூன்றிடமிருந்தும் பாக்கி நிலவரத்தை எழுத்தில் வாங்கித் தரும்வரை உங்களில் ஒருவரும் அந்த நிறுவனத்தில் பெயர் கொடுக்கக் கூடாது.

ஆட்டக்காரர் பாக்கியை முதல் வரிசையில் வையுங்கள். அவர்கள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், மலேசியக் காற்பந்துச் சங்கமான எஃப்ஏஎம் வழியாகவும் கேட்கலாம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இவர்கள் லயத்து வீட்டிலிருந்து வேலை முடிந்து பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுக்காமல் ஊர்க் கழகம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. பழைய நிறுவனத்தை அப்படியே விட்டுவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஃபிஃபா ஒழுங்கு விதியில் இதற்குப் பதில் இருக்கிறது. பெயர், நிறம், தலைமையகம், ஆட்டக்காரர்கள், உரிமையாளர்கள், ஆடும் போட்டிப் பிரிவு ஆகியவற்றைப் பார்த்துப் புதுக் கழகத்தைப் பழையதன் வாரிசாகக் கருதி, பழைய பாக்கியையும் கட்டச் சொல்லலாம். வெளிநாட்டு ஆட்டக்காரர் யாருக்காவது பாக்கி இருந்தால் இந்த ஆபத்து நேரடியானது. ஒவ்வொரு ஆட்டக்காரரோடும் உட்கார்ந்து, தொகையை ஒப்புக்கொண்டு, தவணை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அடுத்து வருமானம். புலனக் குழுவில் 600 பேர் இருப்பதை 600 உறுப்பினர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டைவிரல் காட்டுபவர்களில் மாதாமாதம் பணம் போடுபவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருப்பார்கள். 250 பேர் மாதம் 10 ரிங்கிட் என்று வையுங்கள்: 2,500, ஆண்டுக்கு 30,000. இப்போதைய செலவு என்ன? 22 ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 500 என்றாலே மாதம் 11,000. அது சம்பளமாகக் கருதப்பட்டால் முதலாளி இபிஎஃப் மட்டும் 1,430. அதன் மேல் பஸ், நடுவர் கட்டணம், ஆம்புலன்ஸ், கோடு போடும் சுண்ணாம்பு, ஐஸ், காயத்துக்குச் சுற்றும் டேப். எண்கள் ஒட்டவில்லை. ஆகவே ஊர் ஏற்கும் முதல் பருவத்தில் மாதச் சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவும் ஆட்டத் தொகையும் மட்டும்தான் என்று ஆட்டக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். போக்குவரத்துப் படிக்கு இபிஎஃப் கிடையாது என்பது உண்மை. அதற்காகச் சம்பளத்தைப் போக்குவரத்து என்று எழுதிவிடாதீர்கள், பிடிபட்டால் நிர்வாகிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாதச் சந்தாவை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2008-இல் இங்கிலாந்தின் எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட் கழகத்தை இணையத்தில் திரண்ட ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு 35 பவுண்டு போட்டு வாங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் அந்தக் குழு வெம்பிளியில் எஃப்ஏ டிராஃபியை வென்றது. அதைவிட நல்ல தொடக்கம் யாருக்கும் அமையாது. ஆனாலும் அடுத்த ஆண்டு பெரும்பாலோர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, 2013-இல் கழகம் கைமாறியது. ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கழகம் 2013-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, சுமார் 8,000 ஆதரவாளர்கள் மாதத் தொகையை வங்கிக் கட்டளையாகவே எழுதிக் கொடுத்தார்கள். ஆன் பட்ஜ் என்ற தொழில்முனைவர் 2014-இல் கழகத்தை வாங்கி இடையில் தாங்கினார். ஆதரவாளர்களின் மாதப் பணம் தொடர்ந்து வந்ததால் 2021-இல் பெரும்பான்மைப் பங்கு அவர்களுடைய அறக்கட்டளைக்கு மாறியது. பெருந்தொகை ஒருமுறை வரும், மின்கட்டணம் மாதாமாதம் வரும்.

எனவே யாரிடமும் பங்கு வாங்குவதற்கு முன் மூன்று மாதம் சந்தாவை ஓட்டிப் பாருங்கள். உறுதிப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: பெயர், அடையாள அட்டை எண், மாதத் தொகை (10, 20, 50), வங்கியில் நிலைக்கட்டளையா, டூயிட்நவ் உடனடிப் பணமாற்றா, கழகம் கைமாறாமல் போனால் மீதத்தைத் திருப்பித் தர வேண்டுமா அல்லது இளையோர் பயிற்சிக்கு விட்டுவிடலாமா. இந்தக் கடைசிக் கேள்வியை மறந்த ஊர்களில்தான் பிறகு சண்டை வருகிறது. பிடிக்கும் தேதியைச் சம்பளம் விழுந்த மறுநாளாக வையுங்கள். தைப்பூசம், தீபாவளி, ஊர்க் கோயில் திருவிழா வரும் மாதங்களில் வசூல் குறையும். குறையட்டும். மூன்றாவது மாதமும் முதல் மாதத்தில் கட்டியவர்களில் பத்தில் எட்டுப் பேர் கட்டினால் மேலே போகலாம் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே இருந்தால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

அந்தப் பணத்தை எந்த அமைப்பில் வைப்பது? கூட்டுறவுக் கழகம்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பேன். கூட்டுறவுச் சட்டம் 1993-இன்கீழ் மலேசியக் கூட்டுறவு ஆணையமான எஸ்கேஎம்-இடம் பதிய வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. விலகுபவருக்குப் பங்குப் பணம் போட்ட மதிப்பில்தான் திரும்பும், விலை ஏற்றி விற்க முடியாது. ஆண்டுக் கணக்காய்வு கட்டாயம். 50,000 தருபவரும் 100 தருபவரும் ஒரே எடையில் உட்கார வேறு எளிய வழி இல்லை. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்ற அமைப்பும் உண்டு, ஆனால் அதன் செலவும் நிபந்தனைகளும் ஊர்க் கழகத்துக்கு மிகுதி. பந்தாட்டத்தை ஆணையரிடம் பதிந்த விளையாட்டுக் கழகம் நடத்தட்டும், பணத்தைக் கூட்டுறவு வைத்திருக்கட்டும். கூட்டுறவு உறுப்பினரே கழக உறுப்பினர் என்று இரண்டு விதிகளிலும் எழுதுங்கள். நிறுவனப் பங்கு எதையும் கூட்டுறவின் பெயரில் வாங்க நேர்ந்தால் எஸ்கேஎம் அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த முறை உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கை முடித்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம்தான் அது வாங்கிய முதல் தோட்டம். உங்கள் பாட்டன்மார் மாதப் பத்து வெள்ளியில் நிலம் வாங்கியவர்கள், அதே கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்று மட்டும் மாற வேண்டும்: கழகம் இந்தியருக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது. பக்கத்து மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளும் புதுக்கிராமத்துச் சீனக் குடும்பங்களும் உறுப்பினராகும்படி விதியை மலாயிலும் தமிழிலும் எழுதுங்கள். ஆட்டம் பார்க்க வருவது ஊர் முழுதும்தான்.

பணம் திரட்டும் வேகத்தில் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. வீடு வீடாகவோ சந்தை முனையிலோ உண்டியல் குலுக்க 1947-ஆம் ஆண்டு வசூல் சட்டப்படி உரிமம் வேண்டும். “சீட்டுப் பிடித்து லாபத்தைக் கழகத்துக்குத் தரலாம்” என்ற யோசனையை அங்கேயே நிறுத்துங்கள், சீட்டை வியாபாரமாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுக் கூட்டுச் சீட்டுத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதிர்ஷ்டக் குலுக்குக்கும் அனுமதி வேண்டும். “ஆயிரம் போடுங்கள், ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி” என்று எழுதினால் அது உரிமமில்லாத வைப்புத்தொகை வசூல், நிதிச் சேவைகள் சட்டம் 2013-இல் கடும் குற்றம்.

வணிகரின் 50,000-ஐ மறுக்க வேண்டாம். ஆனால் கடனாகவே வாங்குங்கள்: வட்டி உண்டா, எந்த ஆண்டு எவ்வளவு திரும்பும், அவருக்கு நிர்வாகத்தில் இடம் உண்டா இல்லையா என்று எல்லாம் எழுத்தில். மாதம் 500 வீதம் என்றால் திருப்ப 100 மாதம் ஆகும், அதை அவரிடம் முன்பே சொல்லுங்கள். ஆட்டக்காரர் பாக்கியை அடைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், புதிய ஆட்டக்காரரை வாங்க அதில் ஒரு காசும் எடுக்காதீர்கள். பெரிய ஆதரவாளர் ஒருவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் கண்ணெதிரே பார்த்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் கழகம் 2016-இல் எஃப்ஏஎம் லீக்கை வென்று மேலே வந்தது, பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகியது. அந்த முடிவை எடுக்கும் இடத்தில் ஆதரவாளர்களுக்கு ஓட்டு இல்லை.

திடலைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடனைவிடக் கவலை. தோட்ட மேலாளர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி, நிலம் வீடமைப்புக்குக் கைமாறும் நாளில் செல்லாது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம் தேசிய நிலச் சட்டத்தில் பதிவு இல்லாமலே செல்லும், ஆனால் நிலப் பட்டாவில் குறிப்பு ஏற்றினால்தான் புதிய உரிமையாளரிடம் உங்களுக்குப் பாதுகாப்பு. மூன்றாண்டைத் தாண்டினால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பட்டாவின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் அதிகபட்சம் 30 ஆண்டு. முதலில் மூன்றாண்டு வாடகையும் பட்டாக் குறிப்பும் கேளுங்கள். புல் வெட்டுவது யார், விளக்குக்குக் கட்டணம் யார், பார்வையாளருக்குக் காயம் பட்டால் காப்புறுதி யார் பெயரில் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். தோட்ட நிறுவனம் கையெழுத்திட மறுத்தால் நகராண்மைக் கழகத் திடலுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

நிர்வாகத்துக்குச் சில விதிகள் போதும். காசோலைக்கு இருவர் கையெழுத்து, அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. தலைவர், பொருளாளர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது. கட்சிக் கிளைப் பொறுப்பில் இருப்பவர் தலைவராகக் கூடாது, இதை எழுதாமல் விட்டால் அடுத்த தேர்தலில் கழகம் இரண்டாகப் பிளக்கும். நிர்வாகி ஒருவருடைய கடையில் ஜெர்சி வாங்கினால் மூன்று விலைப்பட்டியல் இணைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வரவு செலவைப் புலனத்திலும் திடல் பலகையிலும் ஒட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம். இப்போதைய உரிமையாளரிடம் 14 நாளில் இவற்றைக் கேளுங்கள்: மாவட்டச் சங்க இணைப்புச் சான்று, ஆணையரிடம் பதிந்த சான்று, கடைசி இரண்டாண்டுக் கணக்கறிக்கை, இபிஎஃப், சொக்சோ, வரி பாக்கி நிலவரம், கடன்காரர் பட்டியல். கொடுத்தால், பருவம் முடிந்த பிறகு கைமாற்றும்படி பேச்சைத் தொடங்குங்கள். பருவத்தின் நடுவில் மாற்றினால் ஆட்டக்காரர் பதிவு சிக்கும். விலையாக நீங்கள் தர வேண்டியது ஆட்டக்காரர் பாக்கியை ஏற்பது மட்டும்தான். கொடுக்க மறுத்தால் அவரோடு மல்லுக்கட்டிக் காலத்தைப் போக்காதீர்கள். லண்டனில் விம்பிள்டன் கழகத்தை வேறு நகரத்துக்குப் பெயர்க்க 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ஆதரவாளர்கள் அதே ஆண்டு ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கி, உள்ளூர் லீக்கிலிருந்து ஒன்பதே ஆண்டில் ஃபுட்பால் லீக்குக்கு ஏறினார்கள். நீங்களும் வேறு பெயரில், வேறு நிறத்தில், சந்தா கட்டும் 250 பேரோடு ஆணையரிடம் பதிந்து, மாவட்ட லீக் விண்ணப்பத் தேதி முடிவதற்குள் குழுவைக் கொடுக்கலாம். அந்தத் தேதியை மாவட்டச் சங்கச் செயலாளரிடம் நாளைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.